மீன்தொட்டியின் நடுப்பட்டி

நாலடி நீளமுள்ள கண்ணாடி மீன்தொட்டி ஒன்றை மேலிருந்து குனிந்து பார்ப்பவர்கள், அதன் வாயின் நடுவில், முன்கண்ணாடிக்கும் பின்கண்ணாடிக்கும் இடையே ஒரு சாண் அகலமுள்ள கண்ணாடிப் பட்டி ஒன்று குறுக்காக ஒட்டப்பட்டிருப்பதைக் காண்பார்கள். தொட்டி வாங்கிய புதிதில் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் ஆறு மாதம் சென்றபின், எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு அதன்மேல் வெள்ளை வெள்ளையாகப் படிந்து, மேலே வைத்த விளக்கின் ஒளியை மறைத்து, அதற்கு நேர் கீழே நட்ட செடி மட்டும் வெளிறிப்போய், வலையை விட்டு ஒரு மீனைப் பிடிக்கப் போனால் முழங்கை அதில் இடித்துக்கொள்ளும் நிலை வரும்போது, இந்தப் பட்டி இங்கே எதற்கு, இதை எடுத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் சாமானியமாக எல்லாருக்கும் உண்டாகிவிடுகிறது. எனக்கும் உண்டாயிற்று. அந்த எண்ணத்தைக் காரியமாக்கிய விதத்தையும், காரியமாக்குவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியிருந்த விஷயங்களையும் இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறேன். ஏனென்றால் இது முந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைக் கூடத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, அதன் அருகே குழந்தைகளை உட்கார்த்தி வைக்கும் சமாசாரம்.

என் தொட்டியின் அளவுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். நீளம் 120 செ.மீ., அகலம் 45 செ.மீ., உயரம் 55 செ.மீ.; கண்ணாடியின் கனம் 8 மி.மீ.; நீர் நிற்பது 50 செ.மீ. உயரத்துக்கு. அதாவது 270 லிட்டர் நீர், 270 கிலோ; கண்ணாடி மட்டும் ஏறக்குறைய 47 கிலோ; மணலும் கல்லும் அதற்கு மேல்.

நீரின் கனம் கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை. பக்கவாட்டிலும் அதே பலத்தோடு தள்ளுகிறது. 50 செ.மீ. ஆழத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 50 கிராம், நீர்மட்டத்தில் ஒன்றுமில்லை, ஆகவே சராசரி 25 கிராம். முன்கண்ணாடியில் நீர் படும் பரப்பு 6,000 சதுர சென்டிமீட்டர். பெருக்கிப் பார்த்தால் 150 கிலோ வருகிறது. இரண்டு ஆள் எடைக்கு மேற்பட்ட ஒரு பலம், இரவும் பகலும் ஒரு கணமும் ஓயாமல், அந்த 8 மி.மீ. கண்ணாடியை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது என்பதை, அசையாமல் நிற்கும் தெளிந்த நீரைப் பார்க்கும் ஒருவருக்கு நம்புவது கஷ்டம். இதில் தொட்டியின் அகலத்துக்குப் பங்கே இல்லை என்பது இன்னும் ஆச்சரியமான உண்மை: அகலம் ஓரடியானாலும் பத்தடியானாலும் முன்கண்ணாடியின்மேல் விழும் பலம் ஒன்றுதான். நீர் எவ்வளவு இருக்கிறது என்பதல்ல, எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதே கணக்கு என்பதை ஃபிளெமிஷ் அறிஞர் சைமன் ஸ்டெவின் 1586-லேயே எழுதிவைத்தார். உயரத்தை இரட்டித்தால் பலம் நான்கு மடங்காகும். அதனால்தான் நீளமான தொட்டியைவிட உயரமான தொட்டிக்கு நாம் அதிகம் அஞ்ச வேண்டும்.

பலம் அதிகமாக இருப்பது அடியில். ஆனால் அடிவிளிம்பு, அடிக்கண்ணாடியோடு ஒட்டி உறுதியாக நிற்கிறது. இருபக்க விளிம்புகளும் பக்கக் கண்ணாடிகளோடு ஒட்டி நிற்கின்றன. பற்றுக்கோடு இல்லாமல் நிற்பது மேல்விளிம்பு ஒன்றே. ஆகையால் கண்ணாடி அதிகமாக வளைந்து வெளியே புடைப்பது, நீரின் அழுத்தமே இல்லாத அந்த மேல்விளிம்பின் நடுவிடத்தில். நடுப்பட்டி வந்து நிற்பது சரியாக அவ்விடத்தில்தான். அது அழகுக்காக வைத்ததும் அன்று, மூடியைத் தாங்குவதற்காக வைத்ததும் அன்று. முன்கண்ணாடி தெற்கே போக முயல, பின்கண்ணாடி வடக்கே போக முயல, இருவரையும் கைபிடித்து இழுத்து நிறுத்தும் வேலை அதனுடையது.

பழைய தொட்டிகளுக்கு இந்தப் பட்டி தேவைப்படவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில், 1853-ல் லண்டன் மிருகக்காட்சிச் சாலையில் பொதுமக்களுக்காக மீன்காட்சியகம் திறக்கப்பட்ட காலத்திலிருந்து, வீடுகளுக்குச் செய்யப்பட்ட தொட்டிகளும் இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடியை வைத்து மக்கு பூசி அடைத்தவையாகவே வெகுகாலம் இருந்தன. எட்கர் தர்ஸ்டன் சென்னை அருங்காட்சியகத்துக்குத் தலைவராக இருந்து எடுத்த முயற்சியால் 1909-ல் மெரினா கடற்கரையில் மீன்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டபோதும், கண்ணாடியைக் கண்ணாடியோடு நேரே ஒட்டி நீர் நிறுத்தும் வித்தை உலகில் எங்கும் இல்லை. 1960-களில் சிலிக்கான் பசை மீன்தொட்டிக்கு வந்து சேர்ந்தது. அதே காலத்தை ஒட்டி, 1959-ல் பில்கிங்டன் கம்பெனி அறிவித்த முறைப்படி, உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டுச் செய்யும் சீரான கண்ணாடியும் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிற்று. இரும்புச் சட்டம் துருவோடு விடைபெற்றுக்கொண்டது. ஆனால் சட்டம் போனாலும், மேல்விளிம்பை இழுத்துக் கட்டுவதாகிய அதன் கடமை போகவில்லை. அந்தக் கடமையின் கடைசி வாரிசாகத்தான் இந்த நடுப்பட்டி நிற்கிறது. இன்று ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் ஆலையில் 2000 முதல் அதே மிதவை முறையில் கண்ணாடி செய்கிறார்கள். கண்ணாடிக்கு மூலப்பொருளான சிலிக்கா மணலோ எங்கள் ஊருக்கு மிகச் சமீபம்: மரக்காணம் பக்கம் கீழ்ப்புத்துப்பட்டில் அதைத் தமிழ்நாடு கனிம நிறுவனம் எடுத்துச் சுத்தம் செய்திருக்கிறது. கடற்கரை மணலைக் காலால் அளைந்து வளர்ந்த எங்களுக்குக் கண்ணாடி அந்நியப் பொருள் அன்று.

கண்ணாடியின் குணத்தைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது எங்கள் பெருமுக்கல் மலைதான். திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் சாலையில் வருபவர்களுக்குத் தூரத்திலேயே தென்படும் இந்த மலையின் உச்சியில் முக்தியாலீசுவரர் கோயில் இருக்கிறது. குகைப் பாறையில் வரலாற்றுக்கு முற்பட்ட மனிதர் கீறிய உருவங்கள் இருக்கின்றன. சுற்றுவட்டாரத்தில் கல்லுடைக்கும் குவாரிகளும் இருக்கின்றன என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. கண்ணாடியைப்போலவே கல்லும் நசுக்குதலை வெகுவாகத் தாங்கும். இழுப்பை மட்டும் தாங்காது. வளையும் உத்திரத்தின் அடிப்புறம் இழுபடுகிறது. அங்கேதான் விரிசல் காணும். நம் ஸ்தபதிகள் இதை அறிந்தே தூண்களை நெருக்கி நட்டார்கள். அதுவும் போதாதென்று தூணின் தலையில் போதிகையை இருபுறமும் நீட்டி, உத்திரத்தின் இடைவெளியைக் குறைத்தார்கள். இடைவெளியைக் குறைப்பதே நொறுங்கும் இயல்புள்ள பொருளைக் காப்பாற்றும் உபாயம். மீன்தொட்டியின் மேல்விளிம்பு படுக்கையாகக் கிடக்கும் ஓர் உத்திரம். நடுப்பட்டி அதன் நடுத்தூண். அந்தத் தூணை எடுத்தால் 60 செ.மீ. இடைவெளி 120 செ.மீ. ஆகிறது. நீளம் இரட்டித்தால் உத்திரத்தில் ஏற்படும் இழுவிசை நான்கு மடங்காகும். வளைவோ பதினாறு மடங்காகும். இரண்டு மடங்குதானே என்று நினைத்துப் பட்டியைப் பிடுங்குகிறவர்களை எச்சரிக்க வேண்டிய இடம் இதுவே.

பட்டியை வெறுமனே எடுத்த தொட்டி அன்றைக்கே உடைந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். உடையாமல் பல நாள் நிற்பதுதான் இதில் உள்ள பெரிய அபாயம். 1921-ல் ஆலன் கிரிஃபித் என்ற ஆங்கிலேயப் பொறியியல் அறிஞர், கண்ணாடியின் பலத்தைத் தீர்மானிப்பது அதன் உடலன்று, அதன் மேற்பரப்பிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்களே என்று நிரூபித்தார். கண்ணாடிக் கடையில் வைரமுனையால் ஒரு கோடு இழுத்துவிட்டு இலேசாகத் தட்டினால் பலகை கோட்டோடு பிளந்துகொள்வதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு வேறு ருசு வேண்டியதில்லை. இழுபடும் கண்ணாடியில் கீறலின் நுனி மெள்ள மெள்ள வளர்கிறது. நீரும் காற்றின் ஈரமும் அந்த நுனியில் புகுந்து சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பை அறுத்து வளர்ச்சிக்கு உதவி செய்கின்றன. ஆகவே சில நிமிஷங்கள் தாங்கும் பாரத்தைக் கண்ணாடி பல வருஷங்கள் தாங்காது. சாதாரணக் கண்ணாடி சோதனைச் சாலையில் சதுர சென்டிமீட்டருக்குச் சில நூறு கிலோ இழுப்பைத் தாங்கினாலும், ஓயாத பாரத்துக்கு அதை 50, 60 கிலோவுக்குள் நிறுத்திக்கொள்வதே விவேகம்.

இனி என் தொட்டிக்கு வருகிறேன். நடுப்பட்டியை எடுப்பதானால் அதன் வேலையை வேறொன்றிடம் ஒப்படைத்துவிட்டே எடுக்க வேண்டும். அதற்கு ஏற்றது, முன்கண்ணாடியின் உட்புறத்திலும் பின்கண்ணாடியின் உட்புறத்திலும், மேல்விளிம்பை ஒட்டி, தொட்டியின் நீளம் முழுவதும் படுக்கையாக ஓடும் பட்டி. பல தொட்டிகளில் இது ஏற்கெனவே இரண்டு அங்குல அகலத்தில் இருக்கும், எனதிலும் இருந்தது. கேள்வி அதன் அகலத்தைப் பற்றியது. திண்டிவனத்தில் எனக்குப் பழக்கமான கண்ணாடிக் கடைக்காரரிடம் அளவைச் சொன்னபோது அவர், "எல்லாத் தொட்டிக்கும் ரெண்டு இன்ச்சுதான் சார் வெக்கிறோம், நல்லாத்தான் நிக்குது" என்றார். நடுவில் குறுக்குப் பட்டி இருக்காது என்று நான் சொன்னதும், கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ ரெண்டு இன்ச் தாங்காது சார். நாலு இன்ச் போடுங்க. அதுவும் ஒரே துண்டாப் போடுங்க, ரெண்டு துண்டா ஒட்டுனா வேலைக்கு ஆவாது" என்றார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீரின் 150 கிலோ பலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 50 கிலோ, மேல்விளிம்புக்கு வருகிறது. பக்கக் கண்ணாடிகள் தாங்கிக்கொள்ளும் பங்கைக் கழிக்காமல் எல்லாவற்றையும் மேல்பட்டியின் தலையிலேயே வைத்துப் பார்ப்பது பந்தோபஸ்துக்கு நல்லது. 10 மி.மீ. கனத்தில் 5 செ.மீ. அகலமுள்ள பட்டி, நடுவில் குறுக்குப் பட்டி இருக்கும்போது, சதுர சென்டிமீட்டருக்கு 45 கிலோ இழுப்பைத் தாங்கி நிற்கிறது. குறுக்குப் பட்டியை எடுத்துவிட்டால் அதே பட்டியில் 180 கிலோ. நாம் வைத்துக்கொண்ட எல்லையைப்போல் மூன்று மடங்கு! பட்டியை 8 செ.மீ. ஆக்கினால் 70, இன்னும் எல்லைக்கு மேலேதான். 10 செ.மீ. ஆக்கினால் மறுபடியும் 45. இடைவெளி இரட்டித்ததற்கு ஈடாகப் பட்டியின் அகலமும் இரட்டித்தால் இழுப்பு பழைய நிலைக்கே வந்துவிடுகிறது. அகலமான பட்டியின் வளைவும் மிகச் சொற்பம்: மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குதான். கடைக்காரர் ஒரு காகிதத்தையும் தொடாமல் சொன்ன நாலு அங்குலம் என் கணக்கின் விடையோடு பொருந்தியதைக் கண்டபோது, அவரிடத்தில் எனக்கிருந்த மரியாதை இன்னும் பெருகிற்று. ஒரே துண்டாக இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதும் நுட்பமான வார்த்தை. இழுப்பு உச்சமாக இருப்பது பட்டியின் நடுவில். அந்த இடத்தில் ஒட்டு வந்தால் பட்டியின் பலம் பசையின் பலமாகக் குறைந்துவிடும்.

டஃபண்ட் கண்ணாடி போடலாமே என்று சிலர் கேட்பார்கள். அதைச் சூளையில் ஏற்றியபின் வெட்டவும் முடியாது, ஓரம் தேய்க்கவும் முடியாது. அளவில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் பட்டி வீண். உடைந்தால் முழுவதும் பொடியாகும். அதோடு அது வலிமையில் சிறந்ததே தவிர விறைப்பில் சாதாரணக் கண்ணாடியைவிடச் சிறந்ததன்று. ஆகவே வளைவு குறையாது. சாதாரணக் கண்ணாடியையே வாங்கி, நான்கு ஓரங்களையும் பாலிஷ் போடச் சொல்லுங்கள். இந்தச் செலவைச் சுருக்கவே கூடாது. வெட்டிய ஓரத்தின் பிசிறுதான் கிரிஃபித் சொன்ன கீறல்களின் பிறப்பிடம்.

வேலையை நீர் முழுவதும் வடித்தபின்பே தொடங்க வேண்டும். பாதி நீரோடு பட்டியை அறுக்கப் பார்ப்பது, பாரம் சுமந்து நிற்கும் தூணை இழுப்பதற்குச் சமானம். மீன்களை வேறு டப்பில் விட்டு, மணலையும் கல்லையும் வெளியே எடுத்து, தொட்டி ஒரு நாள் நன்றாக உலர்ந்தபின், பழைய பட்டியை நெம்பாமல், தூண்டிலுக்குப் போடும் மெல்லிய நைலான் நரம்பைப் பட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவே செலுத்தி, இரு கையாலும் ரம்பம் இழுப்பதுபோல் இழுத்தால், சிலிக்கான் பொறுமையாக அறுபட்டு வரும். உளியும் ஸ்க்ரூ டிரைவரும் வேண்டாம். தோல் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எஞ்சிய பசையைப் பிளேடால் வழித்து, அசிட்டோன் தொட்ட துணியால் பலமுறை துடைக்க வேண்டும். புதிய சிலிக்கான் காய்ந்துபோன பழைய சிலிக்கானோடு சரியாகப் பற்றாது என்பதால், கண்ணாடி வெறும் கண்ணாடியாகத் தெரியும் வரையில் இந்தச் சிரத்தையைக் கைவிடக் கூடாது.

புதிய பட்டிகளின் நீளம் தொட்டியின் உள்நீளத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் குறைவாக இருக்கட்டும். கண்ணாடியும் கண்ணாடியும் எங்கும் நேரே தொடாமல், இடையே பசை ஒரு மெத்தையாக இருக்க வேண்டும். பட்டியின் இரு கோடிகளும் பக்கக் கண்ணாடிகளில் ஒட்டிக்கொள்வது மிக முக்கியம். பட்டி ஏந்திய பாரம் அங்கேதான் இறங்குகிறது. பக்கக் கண்ணாடிகளின் மேல்விளிம்பிலும் ஒரு குறும்பட்டி வைத்து நான்கு பக்கமும் சேர்த்துவிட்டால் ஸ்திரம் இன்னும் கூடும். பசையை வாங்கும்போது, பூஞ்சை பிடிக்காதிருக்க மருந்து கலந்த குளியலறைச் சிலிக்கானை வாங்கிவிடாதீர்கள். அது மீனுக்கு விஷம். மீன்தொட்டிக்கு உகந்தது என்று எழுதியிருப்பதை, காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். பூசும்போது புளித்த காடியின் வாடை வீசும். அது பசை காய்வதன் அடையாளம். காற்றின் ஈரத்தை உறிஞ்சித்தான் அது காய்கிறது. மேல்தோல் சில நிமிஷங்களில் இறுகினாலும், உள்ளே ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இறுகும். பட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவே அகப்பட்ட பசைக்குக் காற்று ஓரத்தால் மட்டுமே செல்வதால் இன்னும் தாமதமாகும். ஒரு வாரம் காத்திருப்பது மிகை அன்று.

பெர்லின் நகரத்து விபத்தைப் பத்திரிகையில் படித்தவர்களுக்கு இந்த எச்சரிக்கைகள் அதிகமாகத் தோன்ற மாட்டா. அங்கே ஒரு ஹோட்டலின் கூடத்தில் பத்து லட்சம் லிட்டர் நீரோடு, ஏறக்குறைய 1,500 மீன்களோடு நின்ற ஆக்வாடோம் என்னும் பிரமாண்டமான உருளைத் தொட்டி, 2022 டிசம்பர் 16 அன்று விடியுமுன் வெடித்துச் சிதறிற்று. அது கண்ணாடி அன்று, ஆக்ரிலிக். ஆனால் விசாரித்த நிபுணர் 2023-ல் சொன்ன காரணங்கள் நமக்கும் பொருந்தக்கூடியவை. திட்டவட்டமாக ஒன்றைச் சுட்ட முடியவில்லை என்று கூறிய அவர், ஒட்டிய இணைப்பு விட்டிருக்கலாம், அடிப்பகுதியில் ஒரு பள்ளம் விழுந்திருக்கலாம், 2020-ல் புதுப்பித்தபோது நெடுநாள் நீரின்றி வைத்ததால் ஆக்ரிலிக் உலர்ந்து வெடிப்பு கண்டிருக்கலாம் என்று மூன்று சாத்தியங்களைச் சொன்னார். அந்தப் பாத்திரம் பதினெட்டு வருஷத்துக்கு மேல் நின்றது. புதுப்பித்தபின்னும் இரண்டு வருஷத்துக்கு மேல் நின்றது. நேற்றுவரை நின்றதே என்பது நாளைக்கு உத்தரவாதம் ஆகாது.

நீர் நிரப்புவதையும் ஒரு பரீட்சையாகவே செய்ய வேண்டும். முன்கண்ணாடியின் வெளிப்புறத்தில், மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நூலை இறுகக் கட்டி, இரு கோடியிலும் ஒரே கனமுள்ள அட்டைத் துண்டை நூலுக்கு அடியில் வைத்து, நடுவில் நூலுக்கும் கண்ணாடிக்கும் உள்ள இடைவெளியை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கால் பங்கு நீர் விட்டு ஒரு மணி நேரம், மறுபடி அளவு, பின் அரைப் பங்கு, பின் முக்கால். நீர் ஏற ஏற இடைவெளி சிறிது குறைவது இயற்கை. ஆனால் நீர்மட்டம் ஏறாமலிருக்கும்போதும் இடைவெளி குறைந்துகொண்டே போகுமானால், எங்கோ பசை நெகிழ்கிறது என்று அர்த்தம். உடனே நீரை வடித்துவிட வேண்டும். முழு நீரோடு இரண்டு நாள் நிறுத்தியபின் மீன்களை விடலாம். அதன்பின்னும் மாதம் ஒரு முறை, பட்டி ஒட்டிய இடத்தைப் பக்கவாட்டிலிருந்து விளக்கு வைத்துப் பாருங்கள்: பசை நன்றாகப் பற்றிய இடம் கறுத்தோ தெளிந்தோ தெரியும், விட்டுப்போன இடம் வெள்ளியைப்போல மினுங்கும். மினுக்கம் கண்டால் முதலில் நீரைக் குறையுங்கள், யோசனையைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

என் தொட்டி இப்போது நடுப்பட்டி இன்றி நிற்கிறது. வாயின் நடுவே 23 செ.மீ. அகலத்துக்குத் தடையில்லாத திறப்பு. வெளிறிய செடியும் தலை நிமிர்த்திவிட்டது. ஆனால் இதையே ஆறடித் தொட்டிக்கும் செய்யலாமா என்று கேட்பவர்களுக்கு, வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். இடைவெளி 180 செ.மீ. ஆகும்போது, அதே நீர்மட்டத்துக்கு, இழுப்பை எல்லைக்குள் வைக்கப் பட்டியின் அகலம் 15 செ.மீ. ஆக வேண்டும்; முன்னும் பின்னும் சேர்ந்து 30 செ.மீ. மூடிக்கொண்டால், 45 செ.மீ. அகலமுள்ள தொட்டியில் கையை விடுவதற்கு மிஞ்சுவது ஒரு சந்துதான். அங்கே மேல்பட்டியை அகலமாக்குவதற்குப் பதிலாக, மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் ஒன்றும் மூன்றில் இரண்டு பங்குத் தூரத்தில் ஒன்றுமாக இரண்டு குறுக்குப் பட்டிகளை ஒட்டி, அவை ஒரு வாரம் இறுகியபின் நடுவில் உள்ளதை அறுத்தெடுங்கள். இரண்டு அங்குல மேல்பட்டியே போதும். நடுவே இரண்டடி நீளத்துக்கு வாய் திறந்திருக்கும். விளக்கை அங்கே வைத்துக்கொள்ளலாம்.